வாகமண், கம்பம் பக்கம் 14 விங்: மோதல் எச்சரிக்கைக் கருவிக்குப் போடும் காசு தகுமா?

மேகமலைக்காற்று (கம்பம்)

எல்லாருக்கும் வணக்கம். வாகமண் கோலாகலமேட்டிலும் கம்பம் பள்ளத்தாக்குப் பக்கமும் பறக்கிற நம்ம பாராகிளைடிங் குழுவில் இப்போது 14 விங் (துணி இறக்கை) இருக்கிறது. பயணியை ஏற்றிப் பறக்கும் டேன்டம் 8, தனி ஆள் பறக்கும் சோலோ 6. டிசம்பர் முதல் மார்ச் வரை சனி, ஞாயிறுகளில் பத்துக்கு மேல் ஒரே நேரத்தில் மேலே நிற்கிறது. டேக்-ஆஃபுக்கு (பறக்கத் தொடங்கும் இடம்) எதிரே லிஃப்ட், அதாவது மேலே தூக்கும் காற்று, கிடைக்கிற இடம் சின்னது. எல்லாரும் அதற்குள்ளேயேதான் சுற்றியாக வேண்டும்.

பொதுப்பணத்தில் மோதல் எச்சரிக்கைக் கருவி வாங்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. மூன்று வழி முன்னால் இருக்கிறது.

ஒன்று, 14 பேருக்கும் ஃபேனெட் பிளஸ் (இருக்கும் இடத்தை வானொலியில் சொல்லும் வசதி) உள்ள வேரியோ (ஏற்ற இறக்க வேகம் காட்டும் கருவி). இரண்டு, டேன்டம் எட்டுக்கு மட்டும். மூன்று, கருவியே வேண்டாம், அந்தப் பணத்தை ரிசர்வ் பாராசூட் மறுமடிப்புக்கும் (அவசரப் பாராசூட்டைப் பிரித்துத் திரும்ப மடிப்பது) வாக்கி-டாக்கிக்கும் போடுவது.

வெளிநாட்டில் ஃபிளார்ம் என்ற மோதல் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானம்) எடுப்பதில்லை என்று ஒரு தரப்பு. அது கிளைடருக்கு, நமக்கு இல்லை என்று இன்னொரு தரப்பு. விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். அடுத்த மாதம் முடிவெடுக்க வேண்டும்.

---

அலைவரிசை (கொழிஞ்சாம்பாறை)

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள். இது ரேடார் இல்லை. எதையும் தேடிப் பார்க்காது.

ஃபிளார்ம் 2004-இல் சுவிட்சர்லாந்தில் வந்தது. உள்ளே ஒரு ஜி.பி.எஸ்., ஒரு காற்றழுத்த உணரி, ஒரு சின்ன ரேடியோ. கருவி தன் இடம், உயரம், வேகம், திருப்பம் எல்லாவற்றையும் வைத்து அடுத்த சில விநாடிகளில் தான் எங்கே போகப்போகிறோம் என்று கணக்குப் போடும். அந்தக் கணிப்பை ஏறக்குறைய விநாடிக்கு ஒரு முறை வானொலியில் சொல்லும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபிளார்ம் அதைக் கேட்டு, தன் பாதையோடு ஒப்பிட்டு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் என்று தெரிந்தால் மட்டும் கத்தும். முதல் எச்சரிக்கை மோதலுக்குச் சுமார் 15, 20 விநாடி முன்னால் வரும். நேரம் குறையக் குறைய சத்தம் கூடும்.

இதிலிருந்து வருவது: பேசாத எதுவும் இதற்குத் தெரியாது. ராமக்கல்மேட்டுக் காற்றாலை பேசாது. மலைக்குக் குறுக்கே போகிற மின்கம்பி பேசாது. ஐரோப்பாவில் கம்பி, கோபுரங்களின் பட்டியலைக் கருவிக்குள் ஏற்றிக்கொள்கிறார்கள். அது அந்த நாட்டு வரைபடம். இடுக்கிக் கம்பியை அதை நம்பித் தாண்ட முடியாது.

தப்பிக்கிற வழியும் இது சொல்லாது. பயணிகள் விமானத்தில் இருக்கும் டிகாஸ் "ஏறு", "இறங்கு" என்று கட்டளையிடும். ஃபிளார்ம் திசையை மட்டும் காட்டும். திரும்பிப் பார்த்து, ஆளைக் கண்ணால் பிடித்து, விலக வேண்டியது பைலட்.

---

கணக்குப்பிள்ளை (குமுளி)

மேகமலை, உங்கள் இரண்டாவது வழியை முதலிலேயே அடித்துவிடலாம். காரணம் எளிய கணக்கு.

மோதல் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. ஆகவே ஆளை எண்ணக் கூடாது, ஜோடியை எண்ண வேண்டும். 14 விங் மேலே இருந்தால் 91 ஜோடி. ஒரு ஜோடிக்கு எச்சரிக்கை வர வேண்டுமானால் இரண்டு பக்கமும் கருவி வேண்டும்.

8 பேரிடம் இருந்தால் 28 ஜோடிக்குக் காவல். 91-இல் 31 சதவீதம்கூட முழுதாக இல்லை. 10 பேரிடம் இருந்தால் 45 ஜோடி, பாதிக்குக் கொஞ்சம் குறைவு. 12 பேர் என்றால் 66 ஜோடி, 72 சதவீதம். கடைசி இரண்டு பேருக்கும் வாங்கிய பிறகுதான் 91.

பணத்தில் பாதிக்கு மேல் போட்டும் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வரவில்லை. வெளியூரிலிருந்து ஒரு விருந்தாளி கருவி இல்லாமல் வந்து பறந்தால் அவரோடு சேர்ந்த 14 புதிய ஜோடியும் வெறும் ஜோடிதான். எல்லாருக்கும் வாங்குங்கள், அல்லது வாங்காதீர்கள்.

---

பொதிகைக்கழுகு (புனலூர்)

கணக்கு சரி. ஆனால் கண்ணை விட்டுவிட்டு எல்லாரும் கருவிக்குப் போய்விட்டீர்கள். கண் எவ்வளவு தூரம் காப்பாற்றும், எங்கே கைவிடும் என்று தெரிந்தால்தான் கருவி எந்த ஓட்டையை அடைக்கிறது என்று தெரியும்.

அமெரிக்க விமானத்துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எதிரே ஒன்று கண்ணில் பட 0.1 விநாடி, அது விமானம் என்று அறிய 1 விநாடி, மோதப்போகிறது என்று உணர 5 விநாடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 விநாடி, கை அசைய 0.4, விமானம் அதற்கு இணங்கித் திரும்ப 2 விநாடி. மொத்தம் 12.5 விநாடி.

இரண்டு கிளைடர் ஆளுக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் 12.5 விநாடியில் 690 மீட்டர் கரைந்துபோகும். அவ்வளவு தூரத்தில் முன்பக்கமாகத் தெரியும் கிளைடரின் உடல் 60 சென்டிமீட்டர் அகலம்தான். இறக்கை கத்தி விளிம்பு மாதிரி. வெள்ளை நிறம், பின்னால் வெள்ளை மேகம். அங்கே கண் தோற்கிறது. அதனால்தான் கிளைடர்காரர்கள் ஃபிளார்மை விடுவதில்லை.

இரண்டு பாராகிளைடர் ஆளுக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் அதே 12.5 விநாடிக்கு 250 மீட்டர். எதிரே சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு துணி, தரையில் விரித்தால் 11, 12 மீட்டர் அகலம் வரும். 250 மீட்டரில் அது தெரியாமல் போகாது. பார்த்தால்தான் தெரியும், அது வேறு விஷயம்.

நமக்குக் கண் தோற்கிற இடங்கள் இவை. தலைக்கு மேல் விங் மறைக்கிறது, மேலே இருப்பவன் தெரியமாட்டான். டேன்டத்தில் முன்னால் உட்கார்ந்த பயணியின் ஹெல்மெட்டும் நீட்டிய செல்ஃபி கம்பும் கீழ்ப்பார்வையை வெட்டுகின்றன. மூன்றாவது, மோதப்போகிற பொருள் கண்ணாடியில் ஒட்டிய பூச்சி மாதிரி அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அசைவதைத்தான் கண் பிடிக்கும். அசையாமல் பெரிதாகிக்கொண்டே வருகிற ஒன்றைப் பார்த்தால் உடனே விலகுங்கள்.

---

கம்பம்_பள்ளத்தாக்கு

அண்ணே, அப்போ டேன்டம் எட்டுக்கும் கட்டாயம் வேணும்ல? பயணி உசுரும் நம்ம கையிலதானே இருக்கு.

---

அலைவரிசை (கொழிஞ்சாம்பாறை)

தம்பி, அவசரப்படாதே. கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கில் ஒரு அடிப்படை மாறுகிறது. மேகமலை கேட்டது ஃபேனெட் பிளஸ். அது வேறு ஜாதி.

ஃபேனெட் பாராகிளைடருக்காக வந்த லோரா (குறைந்த சக்தியில் தூரம் போகும்) வானொலி வலை. ஒருவர் இருக்கும் இடம், பெயர், உயரம் மற்றவர் திரையில் புள்ளியாகத் தெரியும். தரையில் வைத்த காற்று அளவி சொல்லும் வேகமும் திசையும் தெரியும். "பிளஸ்" என்பதன் பொருள், கூடவே ஃபிளார்ம் மொழியிலும் தன் இருப்பைச் சொல்லும் என்பதே. சொல்லும், அவ்வளவுதான். பெரும்பாலான மாடல்கள் ஃபிளார்மைக் கேட்டுப் பாராகிளைடர்காரனை எச்சரிப்பதில்லை. கிளைடர்காரன் உங்களைப் பார்ப்பான், அவனுக்கு மணி அடிக்கும். உங்களுக்கு அடிக்காது. இரண்டு பாராகிளைடருக்கு நடுவிலும் அடிக்காது.

நமக்கு அந்த மணி ஏன் ஒத்துவராது என்று பாருங்கள். 36 கிலோமீட்டர் வேகத்தில் 30 பாகை சாய்வில் சுற்றினால் வட்டத்தின் ஆரம் 18 மீட்டர். ஒரு சுற்று 11 விநாடியில் முடிந்துவிடும். எச்சரிக்கையோ 15 விநாடிக்கு முன்னால் வர வேண்டும். அதாவது இப்போது இருக்கும் சுற்று முடிந்து அடுத்த சுற்றில் அவன் எங்கே இருப்பான் என்று கருவி ஊகிக்க வேண்டும். ஜி.பி.எஸ். தவறு மூன்று, நான்கு மீட்டர். செங்குத்தில் இன்னும் மோசம். 18 மீட்டர் ஆரத்துக்குள் ஆறு பேர் சுற்றும்போது இந்தத் தவறோடு கணக்குப் போட்டால் ஓயாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கிளைடர் 100 கிலோமீட்டரில் 40 பாகை சாய்வில் சுற்றினால் ஆரம் 94 மீட்டர், ஒரு சுற்றுக்கு 21 விநாடி. அங்கே ஊகத்துக்கு இடமிருக்கிறது. அப்படியும் ஒரே தெர்மலில் (மேலெழும் வெப்பக் காற்றுத் தூண்) பத்து கிளைடர் கூடினால் அவர்களும் எரிச்சலில் ஒலியைக் குறைக்கிறார்கள்.

ஆகவே கோலாகலமேட்டில் 14 ஃபேனெட் வாங்கினால் 91 ஜோடிக்கும் எச்சரிக்கை வரும் என்று எண்ணினால் அது பூஜ்யம். வரைபடத்தில் புள்ளி தெரியும். ஆறு பேர் சுற்றும் தெர்மலில் திரையைக் குனிந்து பார்ப்பவன்தான் அங்கே ஆபத்து.

---

கணக்குப்பிள்ளை (குமுளி)

ஒப்புக்கொள்கிறேன். எச்சரிக்கை இருபக்கமும் வரும் கருவி என்று வைத்துத்தான் ஜோடிக் கணக்குப் போட்டேன். கிளைடருக்கு அது நிற்கும், நமக்கு நிற்காது. அப்படியானால் நாம் எதற்குக் காசு போடுகிறோம்?

---

நீள்சிறகு (கோவை)

பாராகிளைடரை விட்டு ஒரு நிமிடம் உண்மையான கிளைடருக்கு வருகிறேன். இந்த இழையை நாளைக்குக் கிளைடர்காரர் யாராவது படிப்பார்கள். கருவியின் விலையைவிட அதைப் பொருத்தும் விதத்தில்தான் பலன் நிற்கிறது அல்லது போகிறது.

ஆண்டெனா: ஃபிளார்ம் பேசும் 868 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 8.6 சென்டிமீட்டர். கம்பி நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்க வைத்தால் எதிர்க் கருவியின் செங்குத்து ஆண்டெனா அதைச் சரியாகக் கேட்காது. கார்பன் ஃபைபர் உடலுக்குள் ஒளித்து வைத்தால் அந்தத் திசை முழுக்கக் குருடு. கண்ணாடியிழை உடல் என்றால் பரவாயில்லை. இன்ஸ்ட்ருமென்ட் பேனலின் மேல்விளிம்பு, கேனோபிக்கு (கண்ணாடி மூடி) அடியில், திசைகாட்டியையும் உலோகச் சட்டத்தையும் விட்டுத் தள்ளி, என்பதே வழக்கமான இடம். அங்கே வைத்தாலும் பைலட்டின் உடம்பு பின்பக்கத்தை மறைக்கும். அதனால்தான் ஃபிளார்மின் இன்னொரு மாடலான பவர்ஃபிளார்மில் இரண்டு ஆண்டெனா வாய் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று அனுப்பவும் கேட்கவும், மற்றது கேட்க மட்டும். இரண்டாவதைப் பின்பக்கமோ அடியிலோ வையுங்கள்.

பொருத்தினோம், விளக்கு எரிகிறது, முடிந்தது என்று விடாதீர்கள். பறந்த பதிவுக் கோப்பை ஃபிளார்ம் நிறுவனத்தின் தூர ஆய்வுப் பக்கத்தில் ஏற்றினால் எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டர் கேட்கிறது என்று வட்டப்படம் வரும். 200 கிலோமீட்டர் நெருங்கும் வேகத்துக்கு 20 விநாடி என்றால் 1.1 கிலோமீட்டர். எந்தத் திசையிலாவது இரண்டு கிலோமீட்டருக்குக் குறைந்தால் ஆண்டெனாவை இடம் மாற்றுங்கள்.

விமான வகை எண் (கருவியில் பதிக்க வேண்டியது): கிளைடர் 1, ஹேங் கிளைடர் 6, பாராகிளைடர் 7. பழைய கருவியை வாங்கி அப்படியே மாட்டினால் இழுவை விமானத்தின் 2 அதில் உட்கார்ந்திருக்கக்கூடும். பாதைக் கணிப்பு வகையைப் பொறுத்தது. தவறான வகை, தவறான கணிப்பு.

மென்பொருள்: 12 மாதத்துக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும். 2015-இல் வானொலி மொழி மாறியபோது புதுப்பிக்காத கருவிகள் மற்றவற்றோடு பேச முடியாமல் போயின. விளக்கு எரியும், பலன் இருக்காது. சீசன் தொடங்கும் முன் நவம்பரில் ஒரு நாள் வைத்து எல்லாக் கருவிக்கும் ஒரே பதிப்பு ஏற்றுவது நல்லது.

பேட்டரி: எல்லாச் செலவையும் வீணாக்குவது இதுதான். 2006 ஆகஸ்ட் 28-இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு ஹாக்கர் 800 ஜெட்டும் ஏ.எஸ்.ஜி. 29 கிளைடரும் சுமார் 16,000 அடியில் மோதின. கிளைடர் பைலட் பாராசூட்டில் குதித்துத் தப்பினார், ஜெட் அடிபட்ட மூக்கோடு தரையிறங்கியது, எல்லாரும் பிழைத்தார்கள். கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கும் டிகாஸுக்கும் பதில் சொல்லும் கருவி) இருந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க அணைத்து வைத்திருந்தார். டிரான்ஸ்பாண்டர் ஓடியிருந்தால் ஜெட்டின் டிகாஸ் அதைக் கண்டிருக்கும்.

அதனால் கருவி வாங்கும் அன்றே மின்கணக்குப் போடுங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் நம்பி எடுக்கக்கூடியது 4 ஆம்பியர்-மணி. எல்லாக் கருவியும் சேர்ந்து 0.8 ஆம்பியர் இழுத்தால் ஐந்து மணி நேரம். அதற்கு மேல் பறப்பவருக்கு இரண்டாவது பேட்டரி வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறினால் அதற்கென்ற சார்ஜர் வேண்டும், பழைய சார்ஜரால் கெட்டுப்போகும். ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பேனலில் அல்ல. வழியில் ஒயர் உரசினால் பேனல் ஃபியூஸ் காப்பாற்றாது.

---

பொதிகைக்கழுகு (புனலூர்)

நீள்சிறகு சொன்னதில் மலைக்காரர்களுக்கு ஒரு சேர்க்கை. 868 மெகாஹெர்ட்ஸ் மலையைத் துளைக்காது. ரிட்ஜில் (மலைவிளிம்பு ஓரம்) பறக்கும்போது மலை மூக்கு ஒன்று வெளியே நீண்டிருக்கும். அதற்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர், இந்தப் பக்கமிருந்து ஒருவர். நேருக்கு நேர் வர மிகவும் வாய்ப்புள்ள இடம் அது. இருவரும் மூக்கைத் தாண்டும்வரை ஒருவர் சொல்வது மற்றவர் கருவிக்குக் கேட்காது. கேட்கும்போது கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

அங்கே காப்பது விதிதான். நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம் விலகு. மலை வலப்பக்கம் இருப்பவனால் வலப்பக்கம் போக முடியாது, ஆகவே மலை இடப்பக்கம் இருப்பவன் வெளியே விலகி வழிவிட வேண்டும். தெர்மலில் முதலில் நுழைந்தவன் சுற்றும் திசையே எல்லாருக்கும் திசை. நுழைகிறவன் வெளிவட்டத்திலிருந்து நுழைய வேண்டும், குறுக்கே வெட்டக் கூடாது. டேக்-ஆஃபுக்கு எதிரே உள்ள லிஃப்டில் ஒற்றைப்படைத் தேதிக்கு இடப்பக்கச் சுற்று, இரட்டைப்படைத் தேதிக்கு வலப்பக்கச் சுற்று என்று பலகை எழுதி வைப்பது போட்டிகளில் உள்ள வழக்கம். ஒரு பலகைக்கும் பெயின்ட்டுக்கும் ஆகும் செலவுதான். உங்கள் 91 ஜோடிக்கும் அது பொருந்தும், விருந்தாளிக்கும் பொருந்தும்.

---

மேகமலைக்காற்று (கம்பம்)

பலகை விஷயத்தை இந்த வாரமே செய்கிறோம். ஆனால் கருவியைப் பற்றிக் கணக்குப்பிள்ளை கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. மோதலுக்கு இல்லை என்றால் வேறு எதற்கு?

---

குமுளிமேடு

இரண்டு விஷயத்துக்கு. முதலாவது, வேகமானவர்கள். வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற ஊரில் என்.சி.சி. ஓடுபாதை இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற சின்ன விமானம் இறங்கியது. அந்த மாதிரி விமானம் 200 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், நம் 36-ஐச் சேர்த்து, 12.5 விநாடிக்கு 820 மீட்டர். அங்கே இரண்டு பேர் கண்ணும் போதாது. அவர்கள் பேசுவது விமான வி.எச்.எஃப்., நாம் பேசுவது வேறு அலை. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அவர்களிடம் ஃபிளார்ம் கேட்கும் கருவி இருந்தால் நம் ஃபேனெட் பிளஸ் அங்கே மணி அடிக்கும். இல்லாவிட்டால் நம் காசு அந்த விஷயத்தில் வீண். ஆகவே வாங்குவதற்கு முன் ஓடுபாதைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்: எந்த நாட்களில், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பறக்கிறீர்கள், என்ன கருவி வைத்திருக்கிறீர்கள். பறக்கிற நாள் காலையில் ஒரு போன். பல நேரம் அந்தப் போனே போதும்.

இரண்டாவது, தேடுதல். வாகமண்ணிலிருந்து கிராஸ் கன்ட்ரி (நெடுந்தூரப் பறப்பு) போகிறவன் லிஃப்ட் கிடைக்காமல் காட்டுக்குள்ளோ தேயிலைச் சரிவிலோ இறங்கினால் அங்கே போனில் டவர் இருக்காது. ஃபேனெட்டில் கடைசிப் புள்ளி மற்றவர் கருவியில் பதிவாகியிருக்கும். இறங்கியவர் "நலமாக இறங்கினேன்", "வண்டி வேண்டும்", "மருத்துவ உதவி வேண்டும்" என்று நிலையை மாற்றி அனுப்பலாம். பள்ளத்துக்குள் இருந்தால் டேக்-ஆஃபுக்கு நேரடியாகக் கேட்காது. மேலே பறக்கும் இன்னொருவர் கேட்பார். எந்தச் சரிவில், எந்தப் பக்கம் நோக்கி மறைந்தார் என்று தெரிந்தாலே தேடும் இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும்.

---

கணக்குப்பிள்ளை (குமுளி)

இப்போதுதான் கணக்கு நிமிர்கிறது. பாருங்கள்.

மோதல் எச்சரிக்கையின் பலன் ஜோடியாகக் கூடுகிறது. எல்லாருக்கும் வாங்கினால்தான் பலன். தேடுதலின் பலன் ஆளுக்கு ஆள் தனியாகக் கூடுகிறது. ஒருவருக்கு வாங்கினால் ஒருவருக்கு முழுப்பலன், கேட்க இன்னொரு கருவி இருந்தால் போதும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம்.

யாருக்கு முதலில்? டேன்டம் எட்டும் டேக்-ஆஃபின் கண்பார்வையிலேயே பறந்து லேண்டிங்கில் இறங்குகின்றன. அவர்களைத் தேட வேண்டியதில்லை. காணாமல் போகக்கூடியவர்கள் சோலோ ஆறு பேர். கேள்வி வந்தபோது டேன்டத்துக்கு முதலில் என்று தோன்றியது. இப்போது அது தலைகீழ்.

விலைப்பட்டியல் வரும்வரை ஒரு கருவி 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14-க்கு 7 லட்சம். சோலோ ஆறும், டேக்-ஆஃபில் கேட்க ஒன்றும் என்றால் 7 கருவி, 3.5 லட்சம். ஒரு கருவி ஆறு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 8,300 ரூபாய் சொச்சம், இடையில் பேட்டரி மாற்றும் செலவு தனி. ஒரு சோலோ பைலட் வருடத்தில் 80 மணி நேரம் பறந்தால் மணிக்கு நூறு ரூபாய் சொச்சம். அது தாங்கும்.

மிச்சமிருக்கும் 3.5 லட்சத்தில் முதல் செலவு 8 டேன்டத்தின் ரிசர்வ் மறுமடிப்பு. மோதல் நடந்த பிறகும் உயிரைக் காக்கக்கூடிய ஒரே சாமான் அது.

---

அலைவரிசை (கொழிஞ்சாம்பாறை)

பணத்தைக் கட்டும் முன் ஒரு நிமிடம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் குறைந்த சக்தியில் பயன்படுத்த விட்டிருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. ஐரோப்பாவில் ஃபிளார்ம் பேசுவது 868.2, 868.4. நம் எல்லைக்கு ஒரு மயிரிழை வெளியே. அமெரிக்க மாடல் 902-க்கு மேல் போகும், அது இங்கே சுத்தமாக ஆகாது. பல கருவிகள் ஜி.பி.எஸ். இடத்தைப் பார்த்துத் தானே அலையை மாற்றிக்கொள்ளும், சிலவற்றில் நாம் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தியாவில் இது எந்த அலையில் அனுப்பும், எவ்வளவு சக்தியில், கருவி வகை ஒப்புதல் சான்று இருக்கிறதா. சான்று இல்லாமல் சுங்கத்தில் நின்றால் வாங்கியவர் கையில்தான் சிக்கல்.

சட்டம் மட்டுமல்ல, வேலையும் கெடும். 869-இலிருந்து 894 வரை இங்கே 850 பேண்டின் செல்போன் கோபுரங்கள் கீழ்நோக்கி அனுப்புகின்றன. 868.2-இல் மெல்லிய குரலில் பேசும் கருவி கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்த இரைச்சலில் காது அடைத்துப்போகும். 866 பக்கம் இறங்கினால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். டேக்-ஆஃபில் வைக்கும் கேட்கும் கருவியைக் கோபுரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

ஏழு கருவியும் ஒரே அலையில், ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். ஒருவர் ஐரோப்பாவில் வாங்கியது, ஒருவர் இங்கே வாங்கியது என்று கலந்தால் இரண்டு திரையும் வெறுமையாக இருக்கும், இருவரும் வானத்தில் யாரும் இல்லை என்று நினைப்பார்கள். அது கருவி இல்லாததைவிட மோசம்.

---

கம்பம்_பள்ளத்தாக்கு

ஜூன் மாசம் மேகாத்து அடிக்கையில ராமக்கல்மேட்டுல இருந்து நம்ம பக்கம் ரோட்டர் (மலைக்குப் பின்னாடி சுழலுற காத்து) விழுகுதுல்ல, அங்க காத்து அளவி ஒண்ணு வச்சு ஃபேனெட்டுல விட்டா நல்லது. பறக்கலாமா வேணாமான்னு கீழ இருந்தே தெரியும்.

---

பொதிகைக்கழுகு (புனலூர்)

நல்ல யோசனை தம்பி. ஆனால் உச்சியில் காற்று குறைவாகக் காட்டினாலும் கீழ்ச்சரிவில் ரோட்டர் இல்லை என்று ஆகாது. அந்த மாதங்களில் கிழக்குச் சரிவில் பறக்கவே வேண்டாம். அளவியை வாகமண் டேக்-ஆஃபுக்கு வையுங்கள்.

கணக்குப்பிள்ளையோடு எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடு இல்லை. டேன்டத்தில் வருகிற பயணிக்குப் பறப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது, தன்னைக் காத்துக்கொள்ள எந்த வழியும் கிடையாது. சத்திரத்துக்காரர்கள் கேட்கும் கருவி வைத்திருப்பதாகப் பதில் வந்தால், சோலோவுக்கு முன் டேன்டம் எட்டுக்கும் வாங்க வேண்டும் என்பேன். வேகமான விமானத்துக்கு நம்மைக் காட்டுவதில் ஆளுக்கு ஆள் பலன் தனித்தனிதானே.

---

கணக்குப்பிள்ளை (குமுளி)

பதில் அப்படி வந்தால் நானும் மாறுகிறேன். வராதவரை மாறமாட்டேன்.

---

மேகமலைக்காற்று (கம்பம்)

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படிப் போகிறோம். பலகையும் சுற்றும் திசை விதியும் உடனே. சத்திரத்துக்குக் கடிதம் இந்த வாரம். விற்பவரிடம் அலை, சான்று பற்றி எழுத்தில் கேள்வி. பதில் வந்ததும் சோலோ ஆறா, டேன்டம் எட்டா என்று முடிவு. ரிசர்வ் மறுமடிப்பு இரண்டிலும் உண்டு.

கடைசியாக ஒன்று. கருவி வந்தால் அதை எங்கே கட்டுவது? எல்லாரும் மடிமேல் உள்ள காக்பிட்டில்தான் (கருவி வைக்கும் தட்டு) வைக்கிறார்கள்.

---

அலைவரிசை (கொழிஞ்சாம்பாறை)

சோலோவுக்குக் காக்பிட்டில் வைக்கலாம், ஆண்டெனா செங்குத்தாக நின்றால். போனும் பவர்பேங்கும் அதை ஒட்டி இருக்கக் கூடாது, ஒரு சாண் தள்ளி. பின்பக்கத்துக்கு உங்கள் உடம்பு மறைக்கும், அதைத் தவிர்க்க முடியாது. சுற்றும்போது எல்லாத் திசையும் ஒரு முறை திறக்கும்.

டேன்டத்துக்குக் காக்பிட் ஆகாது. முன்னால் பயணி, பின்னால் பைலட், நடுவில் கருவி சிக்கிக்கொள்ளும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், இந்த அலையை நன்றாக விழுங்கும். பைலட்டின் தோளுக்கு மேல் ரைசரில் (விங் கயிறுகள் சேரும் பட்டை) கட்டுங்கள், பிரேக் கயிற்றுக்கும் ரிசர்வ் கைப்பிடிக்கும் குறுக்கே வராதபடி. ஒரு பாதுகாப்புக் கயிறும் போடுங்கள், கீழே விழுந்தால் யார் தலையிலாவது விழும்.

பறப்பதற்கு முன் தரையிலேயே சோதித்துவிடலாம். ஒருவர் டேக்-ஆஃபில் கேட்கும் கருவியோடு நிற்கட்டும். இன்னொருவர் ஹார்னஸை (பறக்கும்போது உட்காரும் கச்சை) மாட்டி, கருவியைக் கட்டி, மலைவிளிம்பில் பார்வை மறையாமல் 500 மீட்டர், ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று போகட்டும். ஒவ்வொரு இடத்திலும் நான்கு திசைக்கும் திரும்பி இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். டேன்டம் என்றால் முன்னால் ஒருவரை நிறுத்திக்கொண்டு. சில மாடல் தரையில் இருக்கும்போது அடிக்கடி அனுப்பாது, பறப்பதைக் கண்டதும்தான் முழு வேகத்தில் அனுப்பும். மெனுவில் அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கருவி கெட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள். எந்தத் திசையில் புள்ளி மறைகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். முதுகைக் காட்டி நிற்கும்போது இரண்டு கிலோமீட்டரில் விட்டுவிட்டுக் கேட்டால் பரவாயில்லை. 500 மீட்டரிலேயே மறைந்தால் கட்டிய இடம் தவறு, மாற்றிக் கட்டி மறுபடி நடங்கள்.